விட்டு விட்டு வரும் கோளாறு

ஜனவரி 6

இன்னைக்கு கார் என்னை உள்ள வச்சுப் பூட்டிருச்சு.

மீன் வாங்கப் போகலாம்னு சேலை மாத்தி, தலை சீவி, ரிமோட்டை அமுக்கிக் கதவைத் திறந்து உக்காந்தேன். சாவியைப் போடக்கூட இல்ல, நாலு கதவும் டக்னு பூட்டிக்கிச்சு. டேஷ்போர்டுல அலாரத்தோட சிவப்பு லைட் மினுக்மினுக்குங்குது. சாவியைத் திருப்பினா ஒரு சத்தமும் இல்ல. கதவைத் திறந்தேன், அவ்வளவுதான், அலாரம் கத்தித் தெருவையே கூட்டிருச்சு. எதிர்வீட்டு சகாயம் சார் பாதி முகத்துல சவர நுரையோட வெளிய வந்து, "யாரும் காரைத் திருட வந்தாங்களா மேடம்?"னார். "ஆமா, நான்தான் வந்தேன்"னேன்.

ரிமோட்டை நாலஞ்சு தடவை அமுக்கி ஒருவழியா நிப்பாட்டினேன். அதுக்குள்ள என் வீட்டுக்காரர் கிளமென்ட் சட்டையை மாட்டிக்கிட்டு வந்துட்டார். "விடு பிலோ, நான் நடந்து போய் வாங்கிட்டு வாறேன்." ஹார்பர்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆன மனுஷன். சைக்கிளைத் தவிர ஒண்ணும் ஓட்டத் தெரியாது. இந்த வீட்டுல டிரைவர் நான் ஒருத்திதான். அவர் வாங்கிட்டு வந்த சீலா நேத்துப் பிடிச்ச சீலா. குழம்பு வச்சேன், பாதி மீந்து போச்சு.

நான் டெலிபோன் டிபார்ட்மென்ட்ல இருந்தவ. சர்வீஸ் பூரா லைன்ல கோளாறு கண்டுபிடிக்கிறதுதான் வேலை. செத்துப்போன லைனைச் சுலபமாப் பிடிச்சிரலாம். விட்டு விட்டு வர்ற கோளாறுதான் உயிரை வாங்கும். நாம போய் நிக்கிறப்போ நல்ல பிள்ளையா இருக்கும், நாம தெருமுனை திரும்பினதும் ஆரம்பிச்சிரும். அதுக்கு எழுதி வைக்கணும். அதனாலதான் மகள் அனுப்பின டைரியைப் பிரிச்சேன். இல்லன்னா எனக்கு டைரி எழுதுற கிறுக்கெல்லாம் கிடையாது.

ஜனவரி 8

முத்துமாலை வந்தான். கார் வாங்கின நாள்ல இருந்து அவன்தான் மெக்கானிக். கிறிஸ்மஸுக்கு நம்ம வீட்டுலதான் சாப்பாடு. என் கூடப்பிறந்த தம்பி எனக்கு ஒரு போன் பண்ணி ஆறு மாசம் ஆகுது, இவன் வாரத்துக்கு ஒருக்கா எட்டிப் பாத்துட்டுப் போவான்.

"உப்புக் காத்துக்கா. தூத்துக்குடியில எந்த வயரு நல்லா இருக்கு சொல்லுங்க"ன்னான். பானெட்டைத் திறந்து ஒரு கனெக்டரைப் பிடுங்கிக் காட்டினான், பச்சையாப் பூத்துக் கிடக்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மாட்டினான். அப்புறம் காரை ஒரு சுத்து சுத்தி வந்து, "இந்தக் கண்ணாடி எப்பக்கா உடைஞ்சுது?"ன்னு இடது பக்கத்து சைடு மிரரைத் தொட்டுக் கேட்டான். எவனோ லாரிக்காரன் உரசிட்டுப் போயிருக்கான், நமக்கென்ன தெரியும். அவன் கிளமென்டைப் பாத்தான். கிளமென்ட் வேப்பமரத்தைப் பாத்தார்.

ஜனவரி 11

கோளாறு இல்ல. நானும் எங்கயும் போகல.

ஜனவரி 12

ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குக் கிளம்பினா மறுபடியும் டக். மறுபடியும் கத்தல். கிளமென்ட் ஜன்னல் பக்கம் நின்னு சட்டைப் பித்தானைப் போட்டுக்கிட்டே, "ஆட்டோ கூப்பிடட்டுமா?"ங்கார். மனுஷனுக்கு ஆட்டோன்னா அவ்வளவு சந்தோஷம். ஆட்டோக்காரன் மாதா கோயில் வரைக்கும் பள்ளம் பாத்து பள்ளம் பாத்து இறக்கினான். சாமியார் பிரசங்கத்துல என்ன சொன்னார்னு தெரியல, நான் பூரா நேரமும் டோர் சுவிட்சைப் பத்தித்தான் யோசிச்சேன். ஆண்டவர் மன்னிப்பார்.

ஜனவரி 16

பொங்கல் லீவுல முத்துமாலை கடை திறக்கல. நானே கரண்ட் பாக்கிற மீட்டரை எடுத்துட்டு இறங்கினேன்.

பேட்டரி நல்லா இருக்கு. எர்த் வயர் போல்ட்டைக் கழட்டித் துடைச்சு முறுக்கினேன். கதவு சுவிட்ச் ஒவ்வொண்ணா அமுக்கி விட்டுப் பாத்தேன், வயர்க் கட்டைப் பிடிச்சு ஆட்டு ஆட்டுன்னு ஆட்டினேன். ஒண்ணும் இல்ல. பத்துத் தடவை பூட்டித் திறந்தேன், பசுமாடு மாதிரி நிக்குது. நைட்டியோட போனா கோளாறே வராது போல. சேலை கட்டினாத்தான் வருது. இதை எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கான்?

உள்ள வந்து குனிஞ்ச வேகத்துல காபி டம்ளரைத் தட்டி விட்டேன். இந்த மனுஷன் எப்பப் பாத்தாலும் டம்ளரை இடது கை தட்டுற மாதிரியே வைப்பார். சொன்னா, "சரி, இனிமே வலது பக்கம் வைக்கேன்"னு துடைச்சார். அப்புறம் கண்ணுக்கு மருந்து விட்டார். கல்யாண நாளை மறப்பார், என் பிறந்தநாளை மறப்பார், காலையிலயும் சாயங்காலமும் இந்தச் சொட்டு மருந்தை மட்டும் மறக்க மாட்டார். ஆகஸ்ட்ல மாதா திருவிழா முடிஞ்சு கண் டாக்டர்கிட்டப் போனோம். மருந்து விட்டு எல்லாம் மங்கலாத் தெரிய, வெளிய பெஞ்சுல என்னை உக்கார வச்சிட்டு இவர்தான் உள்ள போய்ப் பேசிட்டு வந்தார். கண்ணு காஞ்சு போகுதாம். பவரும் கொஞ்சம் மாறிருக்காம். உப்புக் காத்துல கனெக்டரே பூக்குது, கண்ணு காயாதா?

ஜனவரி 20

இன்னைக்கு நல்லா ஓடுச்சு. கிளமென்ட் பென்ஷன் ஆபீஸ் போயிருந்தார். நான் பாட்டுக்கு பீச் ரோடு வரைக்கும் போய்ட்டு வந்தேன்.

திரும்பி வாறப்போ ஒரு பைக்குக்காரன் இடது பக்கத்துல ஆகாசத்துல இருந்து குதிச்ச மாதிரி வந்து விழுந்தான். நான் மெதுவாத்தான் போறேன். முட்டியில சிராய்ப்பு. "கண்ணு தெரியலையா?"ன்னு கேக்கான், ஒழுங்கா ஓட்டத் தெரியாத பய. நாலு பேர் கூடினாங்க. நான் இறங்கி நல்லாக் கேட்டு விட்டுட்டு வந்தேன்.

வீட்டுல சொல்லல. ஆனா சாயங்காலமே கிளமென்டுக்குத் தெரிஞ்சிருக்கு. சகாயம் சார் அங்க நின்னாராம். கிளமென்ட் ஒண்ணும் திட்டல. திட்டியிருந்தா பதில் சொல்லியிருப்பேன்.

ஜனவரி 26

நாலு நாளா தினம் கோளாறு. இன்னைக்கும்.

இன்னைக்கு வந்திருக்கக் கூடாது. அன்சி வர்ற நாள். என் ஒரே மகள் அன்சிலின். நாகர்கோவில்ல அவ மாமியார் வீட்டுல வளைகாப்பு முடிஞ்சு தலைப் பிரசவத்துக்கு நம்ம வீட்டுக்கு வாறா. மாப்பிள்ளை கப்பல்ல இருக்கார். நானே போய்க் கூட்டிட்டு வாறேன்னு சொல்லியிருந்தேன். டிக்கியில தலகாணிகூட வச்சாச்சு. டக். கத்தல். அவ டாக்ஸி பிடிச்சு வந்து இறங்கினா.

இவளை நான் பெத்தது ஒரு அடமழையில. அன்னைக்கு ஒரு வண்டி கிடைக்கல. கடைசியில உப்பு லாரியில டிரைவர் பக்கத்துல என்னை ஏத்தி, அந்த ஆளு சொல்லக்கூடாத பாட்டெல்லாம் பாடிக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல விட்டான். அன்னைக்கு நினைச்சேன், என் மகளுக்கு இந்த நிலைமை வரப்படாதுன்னு. நாப்பது வயசுக்கு மேல டிரைவிங் படிச்சதும், கடன் போட்டு இந்தக் காரை வாங்கினதும் அதுக்குத்தான். டிபார்ட்மென்ட்ல சிரிக்காத ஆள் இல்ல. இப்ப மார்ச்ல பிரசவம். வலி வந்தா நான்தான் ஓட்டிட்டுப் போவேன். அதுக்குள்ள இந்தச் சனியனைச் சரி பண்ணியாகணும்.

சாப்பிடுறப்போ அவகிட்ட இதைச் சொன்னேன். "ஆம்புலன்ஸ் இருக்குல்லம்மா"ன்னா. தட்டைத் தூக்கிட்டு எந்திரிச்சிட்டேன்.

பிப்ரவரி 2

பூசைக்குக் கிளம்பினோம், நானும் அவரும். அன்சிக்குக் கால் வீக்கம், மாடியில படுத்திருந்தா. அவர் என் பக்கத்து சீட்டுல உக்காந்து பெல்ட்டைத் தேடுறார், டக். அவருமே திடுக்கிட்டுட்டார் பாவம். ரெண்டு கையும் பெல்ட்டை விடல. மாடி ஜன்னலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார். "பயப்படாதீங்க, வயர் கோளாறுதான்"னு நான் சமாதானம் சொன்னேன்.

நான் சமாதானம் சொன்னேன்.

பிப்ரவரி 5

வீம்புக்குத்தான் இறங்கினேன் இன்னைக்கு. ஒவ்வொரு வயராக் கழட்டி விட்டேன். பானெட் சுவிட்ச், கதவு சுவிட்ச் நாலும், டிக்கி. எல்லாத்தையும் கழட்டி டேப் சுத்திட்டுப் போய்ச் சேலை மாத்திட்டு வந்து உக்காந்தேன். அப்பவும் டக்.

ஒரு வயரும் இல்லாமப் பூட்டுதுன்னா, பூட்டுன்னு உத்தரவு வயர் வழியா வரல. காத்துல வருது. ரிமோட் வழியா. என் ரிமோட் என் கையில இருக்கு. இன்னொண்ணு தொலைஞ்சு போச்சுன்னு கிளமென்ட் போன வருஷமே சொல்லிட்டார். அப்ப யாரு? சகாயம் சார் மகன் புது பைக் வாங்கி அதுக்கும் அலாரம் போட்டிருக்கான். ரெண்டும் ஒரே கம்பெனி. அவன் அமுக்குறது இதுக்கும் கேக்குது. கண்டுபிடிச்சிட்டேன்டா பயலே!

அலாரம் பெட்டியோட வந்த காகிதத்தை எடுத்து, அதுல சொன்ன மாதிரி பழைய ரிமோட்டுகளை எல்லாம் மறக்கடிச்சு, என் ரிமோட்டை மட்டும் புதுசாப் படிச்சுக் குடுத்தேன். லைட் ஒரு தடவை மினுங்குச்சு. ஒரே ரிமோட். இனிமே என் பேச்சைத் தவிர எவன் பேச்சையும் கேக்காது. வயரெல்லாம் திரும்ப மாட்டினேன். இடுப்பு விட்டுப்போச்சு.

பிப்ரவரி 10

அஞ்சு நாளா ஒரு முணுமுணுப்பு இல்ல. மார்க்கெட் போனேன், கோயில் போனேன், உப்பளம் பக்கம் காரணமே இல்லாமப் போய்ட்டு வந்தேன். கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாட்டுப் பாடினேன், கேக்க ஆள் இல்லாததுனால.

வீட்டுலதான் யாருக்கும் சந்தோஷம் இல்ல. கிளமென்ட் எதையோ பறிகொடுத்த மாதிரி இருக்கார். அன்சியைக் கூப்பிட்டா கால் வீக்கம்ங்கா, தலை சுத்துதுங்கா. நேத்து சமையல்கட்டுல இடது பக்கமா வந்து நின்னிருக்கா, நான் பாக்கல, திரும்பினவ அவ வயித்துல இடிச்சிட்டேன். "எத்தனை தடவை சொல்லியிருக்கேன், பூனை மாதிரி வந்து நிக்காதன்னு"ன்னு சத்தம் போட்டேன். அவ அழுதுட்டா. மாசமா இருக்கிற பிள்ளை, எதுக்கெடுத்தாலும் அழுகை வரும்.

பிப்ரவரி 15

நான் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தப்போ முத்துமாலை வந்து காரைப் பாத்துட்டுப் போனானாம். ஏசி நாறுதுன்னு கிளமென்ட் கூப்பிட்டாராம். எனக்கு ஒரு நாத்தமும் தெரியல. இவருக்கு என் கார் ஏசி மேல என்ன திடீர் அக்கறை?

பிப்ரவரி 17

டக்.

உடனே கதவைத் திறக்கல. உள்ளயே உக்காந்திருந்தேன். அப்புறம் அலாரத்தை அமத்தி, காகிதத்துல சொன்ன மாதிரி சாவியைப் போட்டு, எத்தனை ரிமோட்டுன்னு அதுகிட்டயே கேட்டேன். லைட் ரெண்டு தடவை மினுங்குச்சு. திரும்பக் கேட்டேன். ரெண்டு.

ஒண்ணு என் கையில இருக்கு.

பிப்ரவரி 18

காலையிலேயே முத்துமாலை பட்டறைக்குப் போனேன். நடந்தேதான் போனேன்.

ஒரு ஜீப்புக்கு அடியில கிடந்தான். "வெளிய வா"ன்னேன். வந்தான். "ரெண்டாவது ரிமோட்டை யார் கேட்டுப் படிச்சுக் குடுத்த?"ன்னேன். கையைத் துணியில துடைச்சான், துடைச்சான், துடைச்சுக்கிட்டே இருந்தான். சுத்தமான கையை எவ்வளவு நேரம் துடைப்பான்?

"அக்கா, உக்காருங்க."

"உக்கார வரல. உன்னை நான் எப்படி வச்சிருந்தேன்? உப்புக் காத்துன்ன. கனெக்டரைத் தேய்ச்ச. என்னைக் கிறுக்கி மாதிரி நாலு வாரம் காருக்குள்ள குனிய வச்சிட்ட. யாருடா சொன்னா?"

"அண்ணாச்சிதாங்கா. ஆகஸ்ட்லயே வந்தாவ. வண்டியை ஓடவிடாமப் பண்ணுன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாவ. நான் மொதல்ல மாட்டேன்னுதான் சொன்னேன். பொறவு அந்த இடது பக்கக் கண்ணாடி, பம்பரு, எல்லாம் நான்தானக்கா பாக்கேன். எல்லாம் இடது பக்கம்தான். அந்தக் கண்ணுல ஓரம் பூரா போயிட்டுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாவளாம். வண்டி ஓட்டவே கூடாதுன்னு..." நிறுத்திட்டான். என் முகத்தைப் பாத்து, "ஒங்களுக்குத் தெரியாதாக்கா?"ன்னான்.

என் கண்ணு போகுதுன்னு எனக்குத் தெரியறதுக்கு ஆறு மாசம் முன்னாடி என் கார் மெக்கானிக்குக்குத் தெரிஞ்சிருக்கு. பட்டறையில வேலை பாக்கிறவங்களும் கையை நிறுத்திட்டு என்னையே பாக்காங்க. அவங்களுக்கும் தெரியுமோ என்னமோ. சகாயம் சாருக்கும் தெரியுமோ. நான் ஒருத்திதான் தெருவுல பாக்கியா?

"அக்கா, ஆட்டோ பிடிச்சுத் தரட்டா?"ன்னு பின்னாலயே வந்தான். "என் பின்னால வந்த, செருப்பைக் கழட்டிருவேன்"னேன். நின்னுட்டான்.

வீட்டுக்கு வந்தேன். கிளமென்ட் சொட்டு மருந்தை எடுத்துக்கிட்டு வந்தார், நேரம் ஆச்சுன்னு. அவர் கையைத் தட்டி விட்டேன். பாட்டில் கட்டிலுக்கு அடியில உருண்டுச்சு.

"இது எதுக்கு மருந்து? சொல்லுங்க."

முட்டி போட்டுப் பாட்டிலைத் தேடிக்கிட்டே இருந்தார். எந்திரிக்கல. கட்டிலுக்கு அடியில தலையை விட்டுக்கிட்டே சொன்னார். "கண்ணுக்குள்ள அழுத்தமாம். போனது போனதுதானாம். இருக்கிறதைக் காப்பாத்த மருந்து விடணுமாம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நம்ப மாட்ட பிலோ. சண்டை போடுவ. சண்டை போட்டுட்டு, மறுநாள் வண்டியை எடுத்துட்டுப் போவ. ஒன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"போடுவேன். முப்பது வருஷமா போடுறேன். என் கண்ணுக்கு நான் சண்டை போட்டா உங்களுக்கு என்ன? டாக்டர் மருந்து விட்டு என்னை வெளிய உக்கார வச்சப்போ, நீங்க உள்ள போய் என் கண்ணை வாங்கிட்டு வந்து பாக்கெட்டுல போட்டுக்கிட்டீங்க. அப்படித்தானே? ஊரெல்லாம் காட்டிட்டு எனக்கு மட்டும் காட்டல."

"ஒனக்கு மனசு ஒடைஞ்சிரும்னுதான்..."

"இப்ப என்ன ஒட்டியா இருக்கு?"

அழுதார். எனக்கு அழுகை வரல. பாட்டிலை வாங்கித் துடைச்சு, நானே ஊத்திக்கிட்டேன். முதல் சொட்டு கன்னத்துல விழுந்துச்சு, ரெண்டாவதும் கன்னத்துல. மூணாவதுதான் உள்ள போச்சு.

பிப்ரவரி 19

அந்த ரிமோட்டைக் குடுங்கன்னு கேட்டேன். எங்கயோ வச்சிட்டேன்னார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் எப்படி ஆறு மாசம் சொன்னார்னு ஆச்சரியமா இருக்கு. பீரோவைப் பாத்தேன், சட்டைப் பையைப் பாத்தேன். இல்ல.

பருப்பு தாளிக்கிறப்போதான் பொறி தட்டுச்சு. அந்த ஞாயித்துக்கிழமை அவர் என் பக்கத்து சீட்டுல, ரெண்டு கையும் பெல்ட்டுல இருக்க, உக்காந்திருந்தாரே. அவர் அமுக்கல. அவரே திடுக்கிட்டார். மாடி ஜன்னலைப் பாத்தார்.

அடுப்பை அமத்திட்டு மாடி ஏறினேன்.

அன்சி கட்டில்ல குழந்தைக்குப் பழைய சேலையில துணி கிழிச்சுக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும் தெரிஞ்சிருச்சு அவளுக்கு. தலகாணிக்கு அடியில இருந்து ரிமோட்டை எடுத்து நீட்டினா. நான் கேக்கவே இல்ல.

"அப்பா குடுத்தாரா?"

"நான்தாம்மா கேட்டு வாங்கினேன். அப்பாவால முடியல. ஒவ்வொரு தடவையும் அமுக்கிட்டு பாத்ரூம்ல போய் அழுதாங்க. இனிமே நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னேன். அந்த ஞாயித்துக்கிழமை அப்பாகிட்டகூடச் சொல்லாம நான்தான் அமுக்கினேன். அப்பாவும் உள்ள இருந்தாங்கல்ல."

"நீ என் மகதானா?"

"போன தீவாளிக்கு உங்ககூட கார்ல வந்தேன்லம்மா. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை இடது பக்கத்துல இருந்து ரோட்டைத் தாண்டுச்சு. நீங்க பிரேக்ல காலே வைக்கல. நான் கத்தினேன். நீங்க, வண்டியில வந்தா வாயை மூடிட்டு வரணும்னு என்னை ஏசினீங்க."

எனக்கு அவ கத்தினது ஞாபகம் இருக்கு. பிள்ளை ஞாபகம் இல்ல. எப்படி இருக்கும்? நான் பாக்கவே இல்லையே.

"அந்தப் பிள்ளை?"

"ஒரு சாண்ல தப்பிச்சுது. எனக்கு அன்னைக்கே சொல்லணும்னு இருந்துச்சு. அப்பா சத்தியம் வாங்கிட்டாங்க." வயித்து மேல கையை வச்சுக்கிட்டா. "எனக்கு உங்க கார்ல ஏறப் பயமா இருக்கும்மா. என்னை மன்னிச்சிருங்க. பயமா இருக்கு."

இவளுக்காகத்தான் ஓட்டக் கத்துக்கிட்டேன். அதை அவகிட்ட சொல்லணும்னு வாயைத் திறந்தேன். பருப்பு ஆறிரும்னேன். இறங்கி வந்துட்டேன்.

பிப்ரவரி 23

பூசைக்குப் போகல. அவங்க ரெண்டு பேரும் ஆட்டோவுல போனாங்க. என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க, இப்ப எல்லாத்தையும் சொல்றாங்க. கத்திரிக்காய் வாங்கினா கத்திரிக்காய் வாங்கினேன்னு வந்து சொல்றார்.

மார்ச் 5

சாம்பல் புதன். நெத்தியில சாம்பலோட வந்து, அலாரம் பெட்டியைக் கழட்டி எறிஞ்சேன். வயரை வெட்டல, ஒழுங்காத்தான் கழட்டினேன். வேலை தெரிஞ்சவ வெட்ட மாட்டா.

அப்புறம் வாசல்ல நின்னு வலது கண்ணைக் கையால பொத்திக்கிட்டேன். ஒவ்வொண்ணாக் கழட்டி விட்டாத்தானே கோளாறு தெரியும். நேரா சகாயம் சார் வீட்டுக் கதவைப் பாத்தேன், கதவு தெரிஞ்சுது. கதவுக்கு இடது பக்கம் முருங்கைமரம் இருக்கணும். இல்ல. கருப்பாவும் இல்ல, இருட்டாவும் இல்ல. சும்மா இல்ல, அவ்வளவுதான். தலையைத் திருப்பினா மரம் வருது. இத்தனை நாளா ரெண்டு கண்ணையும் திறந்து வச்சிக்கிட்டு அந்த ஓட்டையை நானே ஒப்பேத்திக்கிட்டு இருந்திருக்கேன்.

எனக்குப் பயமா இருந்துச்சு. அந்தப் பயத்தை ஆறு மாசம் முன்னாடியே எனக்குக் குடுத்திருந்தா, கூட யாராவது கையைப் பிடிச்சிருப்பாங்க. இப்ப நான் யார் கையையும் பிடிக்கிற மாதிரி இல்ல.

மார்ச் 9

மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்போ அன்சிக்கு வலி வந்துருச்சு. கிளமென்ட் என்னைப் பாத்தார், போனைப் பாத்தார், திரும்ப என்னைப் பாத்தார். "முத்துமாலையைக் கூப்பிடுங்க"ன்னு நானே சொன்னேன். என் சாவியை அவன்கிட்ட வீசினேன், கையில குடுக்க மனசு வரல. பிடிச்சுக்கிட்டான்.

என் சீட்டுல அவன் உக்காந்தான். சீட்டைப் பின்னால தள்ளினான், கண்ணாடியைத் திருப்பினான். நான் பின் சீட்டுல அன்சிகூட. வாழ்க்கையில முதல் தடவையா என் காரோட பின் சீட்டுல உக்காந்தேன். நல்லாத்தான் ஓட்டினான். நான் போற வழியை விட நல்ல வழி. வழி பூரா அன்சி ‘அம்மா அம்மா’ன்னு முனகினா. கையை நீட்டினா. பிடிச்சேன். பிடிக்காம இருக்க நான் என்ன மரமா? ஆனா மன்னிச்சதா அர்த்தம் இல்ல, அதையும் எழுதி வைக்கேன்.

பொண்ணு. ரெண்டே முக்கால் கிலோ. சத்தம் தெருவுக்குக் கேக்கும்.

மார்ச் 12

பஸ் ஏறிக் கண் டாக்டர்கிட்ட போனேன். யார்கிட்டயும் சொல்லல. டோக்கன் வாங்கி, மருந்து விட்டு, அதே பெஞ்சுல மங்கலா உக்காந்திருந்தேன். என் பேரைக் கூப்பிட்டாங்க. சுவரைத் தடவிக்கிட்டு நானே உள்ள போனேன்.

டாக்டர் சுகிர்தா சின்னப் பொண்ணுதான், அன்சி வயசு இருக்கும். ஃபைலைப் பாத்துட்டு எனக்குப் பக்கத்துல இருந்த காலி நாற்காலியைப் பாத்தாங்க. "சார் வரலையாம்மா? சார்கிட்ட கொஞ்சம் பேசணுமே."

"அவர் கண்ணு நல்லா இருக்கு, டாக்டர். எனக்குத்தான் கோளாறு. என்கிட்ட சொல்லுங்க."

ஃபைலை மூடி வச்சாங்க. அப்புறம் சொன்னாங்க. ஒரு காகிதத்துல வட்டம் போட்டு, எவ்வளவு போயிருக்கு, எவ்வளவு இருக்குன்னு பேனாவால காட்டிக் காட்டிச் சொன்னாங்க. வலது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்குன்னு சொன்னாங்க. அது கிளமென்டுக்கே தெரியாது, இன்னைக்குத்தான் பாத்தது. நான் கேள்வி கேட்டேன். முட்டாள்தனமான கேள்வியும் கேட்டேன். எல்லாத்துக்கும் பதில் சொன்னாங்க. மருந்து மாத்தி எழுதினாங்க. "வண்டி ஓட்டாதீங்கம்மா"ன்னாங்க. "சரி டாக்டர்"னேன். இவ்வளவுதான். சண்டை போடல. மூஞ்சிக்கு நேரா ஒருத்தி சொன்னா நான் ஏன் சண்டை போடப் போறேன்?

பஸ்ஸுல கூட்டம். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னு அழுதேன். மருந்து விட்ட கண்ணுதானேன்னு யாரும் கேக்கல.

வீட்டு வாசல்ல கிளமென்ட் நின்னுக்கிட்டு இருந்தார். முகம் பேயறைஞ்ச மாதிரி இருந்துச்சு. என் கையில இருந்த மருந்துச்சீட்டைப் பாத்தார்.

"தனியாவா போன? என்ன பிலோ, டாக்டர் என்ன சொன்னாங்க?"

"என்கிட்ட சொன்னாங்க"ன்னேன். உள்ள போயிட்டேன்.